கீல் துளிச் சோதனை

கீல் துளிச் சோதனை என்பது, திண்மம் போலத் தோன்றும் கீல் உண்மையில் மிக மெதுவாகப் பாயும் ஒரு நீர்மம் என்பதைக் காட்டுவதற்காக அமைக்கப்பட்ட நீண்டகால இயற்பியல் சோதனை ஆகும். இவ்வகைச் சோதனைகளுள் புகழ்பெற்றது ஆத்திரேலியாவின் பிரிசுபேன் நகரிலுள்ள குயின்சுலாந்துப் பல்கலைக்கழகத்தில் 1927 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதாகும். உலகில் மிக நீண்டகாலம் நடைபெற்றுவரும் ஆய்வுகூடச் சோதனையாகக் கின்னசு உலக சாதனை நூல் இதனைக் குறிப்பிடுகின்றது.

கீலின் இயல்பு

கீல் கரிய நிறமுடைய, தார் போன்ற பொருள். முற்காலத்தில் மரக்கலங்களின் பலகை இடுக்குகளில் நீர் புகாதவாறு அடைக்க இது பயன்பட்டது. அறை வெப்பநிலையில் இதனைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போல் நொறுங்கும். ஆயினும் நீண்டகாலம் வைத்திருந்தால் தன் எடையினாலேயே பாயும். ஒரு நீர்மம் பாய்வதற்குக் காட்டும் எதிர்ப்பே பாகுநிலை எனப்படும். இச்சோதனையிலிருந்து 1984 இல் வெளியான கணிப்பின்படி, இக்கீலின் பாகுநிலை நீரைப் போல ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு ஆகும்.

சோதனை அமைப்பு

பல்கலைக்கழகத்தின் முதல் இயற்பியல் பேராசிரியரான தாமசு பார்னெல், மாணவர்களுக்கு விளக்கும் நோக்கில் இதனை அமைத்தார். சூடாக்கி இளக்கிய கீல், அடிப்பகுதி மூடப்பட்ட கண்ணாடிப் புனலில் ஊற்றப்பட்டது. அது படிவதற்கு மூன்று ஆண்டுகள் விடப்பட்டன. 1930 இல் புனலின் தண்டு வெட்டித் திறக்கப்பட்டது. அதன்பின் கீல் துளித்துளியாகக் கீழுள்ள முகவையில் விழத் தொடங்கியது. அறையின் வெப்பநிலை கட்டுப்படுத்தப்படாததால் பருவகாலத்துக்கு ஏற்பப் பாயும் வேகமும் மாறியது.

துளிகள் விழுந்த காலம்

* முதலாம் துளி - திசம்பர் 1938
* இரண்டாம் துளி - பெப்ரவரி 1947
* மூன்றாம் துளி - ஏப்ரல் 1954
* நான்காம் துளி - மே 1962
* ஐந்தாம் துளி - ஆகத்து 1970
* ஆறாம் துளி - ஏப்ரல் 1979
* ஏழாம் துளி - சூலை 1988
* எட்டாம் துளி - நவம்பர் 2000
* ஒன்பதாம் துளி - ஏப்ரல் 2014

ஏழாம் துளிக்குப் பின்னர் கட்டடத்தில் குளிரூட்டி பொருத்தப்பட்டது. வெப்பநிலை குறைந்ததால், முன்னர் எட்டு அல்லது ஒன்பது ஆண்டுகளாக இருந்த இடைவெளி பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீண்டது.

காணத் தவறிய துளிகள்

பார்னெல் 1948 இல் காலமானார். அவர் காலத்தில் விழுந்தவை இரண்டு துளிகள் மட்டுமே. 1961 இல் சோதனையின் பொறுப்பாளரான சான் மெயின்சுடோன், அலமாரியில் கிடந்த இதனைப் பலரும் அறியச் செய்தார். துளி விழும் கணத்தைக் காண அவர் பலமுறை முயன்றார். 1979 இல் துளி வார இறுதியில் விழுந்துவிட்டது. 1988 இல் பிரிசுபேனில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் சோதனை வைக்கப்பட்டிருந்தபோது, அவர் எதையேனும் அருந்தலாம் என்று சில நிமிடங்கள் வெளியே சென்ற வேளையில் ஏழாம் துளி விழுந்தது. 2000 இல் அவர் வெளிநாட்டில் இருந்தார். பதிவுசெய்ய வைத்திருந்த இணையப் படக்கருவி கோளாறினால் பதிவு செய்யத் தவறியது.

அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் 1944 இல் தொடங்கிய இதேபோன்ற சோதனையில், 2013 சூலை 11 அன்று துளி விழும் காட்சி முதன்முறையாகப் படமாக்கப்பட்டது. அப்பதிவை மெயின்சுடோன் கண்டு மகிழ்ந்தார். அடுத்த மாதமே அவர் காலமானார். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தும் தமது சோதனையில் ஒரு துளி விழுவதை அவர் நேரில் கண்டதில்லை.

ஒன்பதாம் துளி 2014 ஏப்ரலில், முகவையில் குவிந்திருந்த எட்டாம் துளியைத் தொட்டு நின்றது. மேலும் துளிகள் விழ இடமளிப்பதற்காக முகவையை மாற்ற முயன்றபோது அது புனலிலிருந்து பிரிந்தது.

சிறப்பு

நோபல் பரிசை நகைச்சுவையாகப் பின்பற்றும் இக் நோபல் பரிசு, 2005 இல் இயற்பியலுக்காக மெயின்சுடோனுக்கும், மறைந்த பார்னெலுக்கும் வழங்கப்பட்டது. ஒரு பொருள் திண்மமா நீர்மமா என்பது, அதனை எவ்வளவு காலம் கவனிக்கின்றோம் என்பதையும் பொறுத்தது என்பதை இச்சோதனை எளிதில் விளக்குகின்றது. புனலில் எஞ்சியுள்ள கீல் இன்னும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் போதுமானது எனக் கருதப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

* பாகுநிலை
* இக் நோபல் பரிசு