இரகசியம் காக்கும் கோவைகள்: கொழும்புத் தமிழரின் அனுபவம்

கொழும்பில் வாழும் எம்மவர்கள் உளவளத்துணையாளரிடம் செல்ல ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்று கனடாவிலிருந்து வாசகர் ஒருவர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். வெட்கம், ஊர் வாய், 'மனநோய்' என்ற முத்திரை என்பனவே வழமையாகச் சொல்லப்படும் காரணங்கள். அவை பொய்யல்ல. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இந்தப் பதில் பாதிப் பதில் மட்டுமே என்பது எனது அபிப்பிராயம். மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது. தமது பெயர் எழுதப்பட்ட தாள் எவருடைய கைக்குப் போய்ச் சேரும் என்பதை உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்ட ஒரு சமூகத்தின் வரலாறு அது.

சமூகப்பணியும் உளவளத்துணையும் பேச்சினால் மட்டும் நடைபெறுவன அல்ல. உதவி தேடி வருபவரைச் 'சேவைநாடி' என்று எமது நாட்டில் அழைக்கிறார்கள். அவருக்கென ஒரு கோவை திறக்கப்படுகிறது. குடும்ப விபரம், வருமானம், நோய், வீட்டில் நடந்த சண்டை, அவர் அழுதுகொண்டே சொன்ன விடயம் என எல்லாம் அதில் பதியப்படுகின்றன. ஒருவரை மருத்துவமனைக்கும், சட்ட உதவிக்கும், பிரதேச செயலகத்துக்கும் அனுப்பி, அவருடைய பிரச்சினையைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனிப்பதற்கு அந்தக் கோவை அவசியம். அதை யார் வாசிக்கலாம் என்பதே கேள்வி.

இந்தக் கோவையின் பிறப்பை ஆராய்ந்தால் ஒரு முரண் தெரியவரும். 1869 இல் லண்டனில் உருவான தர்ம ஸ்தாபன ஒழுங்கமைப்புச் சங்கம், ஏழைகளின் விபரங்களை முறையாகப் பதியும் வழக்கத்தை வளர்த்தது. ஒரே ஆள் இரண்டு இடங்களில் உதவி வாங்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. ஆகவே அந்தப் பதிவுகள் அமைப்புகளுக்கிடையில் பகிரப்படுவதற்காகவே எழுதப்பட்டன. அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் 1917 இல் 'சோஷல் டயக்னோசிஸ்' என்ற நூலை வெளியிட்டு, விபரம் திரட்டுவதை ஒரு தொழில்முறையாக்கினார். சேவைநாடியின் இரகசியம் அவருக்கே உரியது என்ற கொள்கை மெல்ல மெல்லவே வலுப்பெற்றது. அமெரிக்கத் தேசிய சமூகப்பணியாளர் சங்கம் தனது முதலாவது ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டது 1960 இல்தான்.

இலங்கையிலும் உதவியின் வரலாறு பழையது. கொழும்பு நண்பர் தேவைச் சங்கம் 1831 இல் தோன்றியது. ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 1947 இல் வெளிவர, அடுத்த ஆண்டில் சமூக சேவைகள் திணைக்களம் உருவானது. 1952 இல் சமூகப்பணிப் பயிற்சிக்கென ஒரு நிறுவகம் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டது. இன்றைய தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் வேர் அதுவே. இரகசியம் பேணல் என்ற பாடத்தை அங்கு பயின்றவர்கள் வகுப்பறையில் கற்றார்கள். தமிழ் மக்கள் அதை வீதியில் கற்றார்கள்.

1983 யூலை 23 இல் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். 24 ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை மறுநாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்பட நகரம் முழுவதும் பரவியது. அப்போது நான் பாடசாலை செல்லும் வயதினன். பின்னாளில் பத்திரிகைத் துறைக்கு வந்து பலரிடமும் கேட்டறிந்தபோது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது ஒரே விடயம்: வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. இது பல ஆய்வாளர்களாலும் பதிவு செய்யப்பட்ட உண்மை. ஒரே வீதியில் சிங்களவர் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டை எரிப்பதற்கு அந்த இடாப்பு உதவியது. வாக்களிக்கும் உரிமைக்காகத் தாமே விரும்பிக் கொடுத்த பெயரும் முகவரியும் அவர்களுக்கு எதிராகவே திரும்பின.

உலகில் இது முதல் தடவையும் அல்ல. நாஸிகள் ஆக்கிரமித்திருந்த நெதர்லாந்தில் ஒழுங்காகப் பேணப்பட்ட குடிசனப் பதிவேடுகள் யூதர்களைத் தேடிப்பிடிக்க வழிசெய்தன. அதனால்தான் 1943 மார்ச் 27 இல் எதிர்ப்பியக்கத்தினர் அம்ஸ்ரர்டாம் நகரின் பதிவகத்துக்குத் தீ வைத்தார்கள். அச்செயலுக்காக அவர்களில் 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். பதிவேட்டை எழுதியவர்கள் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனால் எழுதியவரின் எண்ணம் தாளோடு சேர்ந்து பயணிப்பதில்லை.

யூலை வன்முறையில் தப்பியவர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, சரஸ்வதி மண்டபம், இரத்மலானை விமான நிலையம் முதலான இடங்களில் தஞ்சம் புகுந்தார்கள். முகாமிலும் முதல் வேலை பெயர் பதிவதுதான். உணவுப் பொதிக்கும், பாய்க்கும், யாழ்ப்பாணம் செல்லும் கப்பலில் இடம் பிடிப்பதற்கும் பட்டியல் தேவைப்பட்டது. பட்டியலால் வீடிழந்தவர்கள் பட்டியலாலேயே சோறு பெற வேண்டியிருந்தது. கொழும்புத் தமிழருக்கும் படிவத்துக்கும் இடையிலான உறவு அன்று தொடக்கம் இப்படித்தான் இருந்து வருகிறது.

போர்க்காலத்தில் இந்த உறவு மேலும் சிக்கலானது. வீட்டில் தங்கியிருப்போரின் பட்டியலைக் கேட்கும் அதிகாரம் 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. அவசரகால விதிகள் அதற்குப் புதுப்பலம் கொடுத்தன. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலும் பொலிஸ் பதிவு இல்லாமல் ஓர் இரவு தங்குவதே ஆபத்து என்றிருந்த காலம் அது. 2007 யூன் 7 அதிகாலையில் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத்தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் இரட்ணசிறி விக்கிரமநாயக்க பின்னர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஆயினும் 2008 செப்டெம்பரில், முந்தைய 5 ஆண்டுகளுக்குள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் அனைவரும் பதிய வேண்டும் என்ற உத்தரவு வந்தது. ஒக்டோபரில் கிழக்கிலிருந்து வந்தோரும் அழைக்கப்பட்டனர். பாடசாலைகளின் முன்னால் நீண்டு கிடந்த வரிசைகளை அக்காலத்தில் கொழும்பிலிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பின்னணியில் ஒரு சமூகப்பணியாளர் கையில் படிவத்துடன் வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் கதவைத் தட்டுவதைக் கற்பனை செய்து பாருங்கள். முழுப்பெயர் என்ன? அடையாள அட்டை இலக்கம்? சொந்த இடம்? எப்போது கொழும்புக்கு வந்தீர்கள்? வீட்டில் இன்னும் யார் இருக்கிறார்கள்? பொலிஸ் படிவத்திலும் இவைதான் கேள்விகள். சமூகப்பணியாளர் நல்லெண்ணத்துடனேயே கேட்கிறார். எதிரில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்பதோ வேறொரு குரல். அவர் மௌனமாவதை 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று கோவையில் எழுதுவது பெரும் அநியாயம். அது அனுபவம் தந்த நிதானம்.

பெயரே கேட்காமல் உதவலாம் என்று காட்டிய ஓர் அமைப்பும் கொழும்பிலேயே உண்டு. சட் வாரா என்ற பாதிரியார் 1953 இல் லண்டனில் தொடங்கிய சமரிட்டன்ஸ் இயக்கத்தைப் பின்பற்றி, ஜோன் டி மெல் அம்மையார் 1974 இல் 'சுமித்ரயோ'வை நிறுவினார். தற்கொலை எண்ணத்தோடு வருபவரின் பேச்சைத் தொண்டர்கள் கேட்பார்கள். உபதேசம் இல்லை, கட்டணம் இல்லை, சொன்னது வெளியே போகாது. அக்காலத்தில் தற்கொலைக்கு முயல்வது தண்டனைச் சட்டக்கோவையின் 302 ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. உயிர் தப்பியவர் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து நீதவான் முன் போக வேண்டி வரலாம். தான் செய்ய முயன்றதைச் சொல்வதே தனக்கெதிரான வாக்குமூலம் என்ற நிலையில் எவர் வாய்திறப்பார்? 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு 47 என உச்சத்தைத் தொட்டது. 1997 இல் ஜனாதிபதிக் குழு அமைக்கப்பட்டு, 1998 இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் வீதம் வெகுவாகக் குறைந்தமைக்குக் கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டதே பிரதான காரணம் என்பது ஆய்வாளர் முடிவு. எனினும், பேசியதற்காகத் தண்டிக்கப்படமாட்டேன் என்ற நிம்மதியைத் தந்தது சட்டத்திருத்தம்தான்.

சட்டம் இன்னும் தராத ஒன்றும் உண்டு. எமது சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டுக்குரியது. 1872 இல் இந்தியாவுக்காக ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த சட்டத்தின் வழிவந்தது. அதன் 126 ஆம் பிரிவு சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சைப் பாதுகாக்கிறது. வைத்தியர், உளவளத்துணையாளர், சமூகப்பணியாளர் எவருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பாவசங்கீர்த்தன இரகசியத்தைத் திருச்சபை எட்டு நூற்றாண்டுகளாகக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவானவருக்கும் அந்தப் பிரிவில் இடமில்லை. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1996 இல் ஜஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில், உரிமம் பெற்ற சமூகப்பணியாளரிடம் சிகிச்சையின்போது சொன்னவற்றை வெளியிடும்படி நீதிமன்றம் வற்புறுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. இங்கே நீதிமன்றம் கேட்டால் கோவையைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதுதான். உளவளத்துணையாளர் தரும் உறுதிமொழியின் பின்னால் அவருடைய மனச்சாட்சி நிற்கிறது, சட்டம் நிற்கவில்லை.

இரகசியத்துக்கு எல்லையே இல்லை என்று நான் வாதிடவில்லை. கலிபோர்னியாவில் தன் நோயாளி ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சொன்னதைச் சிகிச்சையாளர் அறிந்திருந்தும் அப்பெண்ணுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை, அவள் கொல்லப்பட்டாள். ஆபத்திலுள்ளவரைப் பாதுகாக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976 இல் தரசொஃப் வழக்கில் அம்மாநில உயர் நீதிமன்றம் கூறியது. சிறுவர் துன்புறுத்தப்படும்போது மௌனம் காப்பது இரகசியம் பேணல் ஆகாது. 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிப்பதே முறை. எந்தச் சந்தர்ப்பத்தில் இரகசியம் மீறப்படும் என்பதை முதல்நாளே சேவைநாடிக்குச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அன்றாடத்தில் இரகசியம் உடைவது நீதிமன்றத்தில் அல்ல, மொழியில். சிங்களம் மட்டுமே தெரிந்த உத்தியோகத்தரின் முன் தமிழ்ப் பெண் ஒருத்தி அமர்ந்தால் மூன்றாவது ஆள் ஒருவர் தேவைப்படுகிறார். பல இடங்களில் அது அங்கு வேலை செய்யும் சிற்றூழியர். சில வேளைகளில் அவளுடைய சொந்த மகள். கணவனின் அடியைப் பற்றிப் பத்து வயது மகளின் வாயால் எப்படிச் சொல்வது? தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் கிடைத்தாலும் வேறொரு சங்கடம் இருக்கிறது. வெள்ளவத்தை சிறிய ஊர். ஒரே கோயில், ஒரே சந்தை, ஒரே ஊர்ச்சங்கம். உளவளத்துணையாளர் சித்தியின் சிநேகிதியாக இருப்பதற்கு எல்லாச் சாத்தியமும் உண்டு.

எமது தொழிலுக்கும் இதில் பங்குண்டு. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் விபரங்களை வெளியிடுவது 1995 இன் திருத்தத்துக்குப் பிறகு தண்டனைக்குரிய குற்றம். பெயரைத் தவிர்த்து, வீதியையும் பாடசாலையையும் தந்தையின் தொழிலையும் எழுதினால் அயலவர் அனைவருக்கும் ஆள் தெரிந்துவிடும். பெயரை மறைத்துவிட்டோம் என்ற திருப்தி எழுதியவருக்கு மட்டுமே மிஞ்சும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் இந்தத் தயக்கத்தின் உச்சத்தைக் காணலாம். தொண்ணூறுகளின் ஆணைக்குழுக்கள் தொடங்கி, 2010 இன் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வரை தாய்மார் ஒரே கதையை மீண்டும் மீண்டும் சொன்னார்கள். பலர் பொது மண்டபத்தில் எல்லோரும் பார்த்திருக்கச் சொன்னார்கள். 2016 இன் 14 ஆம் இலக்கச் சட்டம் காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை உருவாக்கியபோது, நம்பிக்கையின் அடிப்படையில் வழங்கப்படும் தகவலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தாது என்று எழுதப்பட்டது. தாளளவில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் இரகசியம் காப்போம் என்று சொல்வதும் அரசு, முன்னர் விபரம் திரட்டியதும் அரசு என்று காணும் ஒரு தாய்க்கு அந்த வரி மட்டும் போதாது. 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. அதன் முக்கிய ஏற்பாடுகள் நடைமுறைக்கு வருவதோ தள்ளிப்போடப்பட்டது.

ஆகவே கனடா வாசகருக்கு எனது பதில் இதுதான். எம்மவர்களின் தயக்கத்தை அறியாமை என்று எண்ண வேண்டாம். அவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விகளை உளவளத்துணையாளரே முந்திக்கொண்டு சொல்லட்டும். இந்தக் கோவையில் உங்கள் பெயருக்குப் பதிலாக இலக்கம் இருக்கும். பெயருக்கும் இலக்கத்துக்குமான பட்டியல் வேறு அலுமாரியில் இருக்கும். திறப்பு இன்னாரிடம் இருக்கும். தேவையில்லாத எதையும் எழுதமாட்டேன். உங்கள் சம்மதமின்றி வேறிடத்துக்கு அனுப்பமாட்டேன். இன்ன காரணத்துக்காக மட்டும் வெளியே சொல்ல நேரும். நீதிமன்றம் கேட்டால் என்னால் மறுக்க முடியாது. அந்தக் கடைசி வசனத்தையும் மறைக்காமல் சொல்பவரிடம் கொட்டாஞ்சேனை அம்மா ஒருநாள் வாய்திறந்து பேசுவார் என்றே நம்புகிறேன்.