கொங்குநாட்டுத் தண்டும் அதற்குரிய மரமும்

திருச்செங்கோட்டு மலையில் எழுந்தருளியுள்ள மாதொருபாகப் பெருமான் திருக்கையில் தண்டாயுதம் தாங்கி நிற்றல் அடியார் பலரும் கண்டு வணங்கியதேயாம். கொடிமாடச் செங்குன்றூர் எனத் திருஞானசம்பந்த சுவாமிகள் பாடியருளிய தலம் இது. அடியாரைப் பற்றிய குளிர்சுரம் நீங்கத் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளப்பெற்றதும் ஈண்டேயாம். தண்டையும் கதையையும் ஒன்றெனக் கொள்வார் உளர். சிவாகம வழிபாட்டில் தசாயுதங்களை எண்ணுங்கால், தண்டம் தென்றிசைக் காவலனாகிய யமனுக்கும், கதை வடதிசைக் குபேரனுக்கும் உரியனவாக வேறு வேறு வைத்தெண்ணப்படுதலின், அக்கொள்கை பொருந்தாது.

இனி, கஞ்சமலை இரும்பு நிறைந்த சேலநாட்டில் மரப்படை எற்றுக்கு என்னும் வினா எழும். இரும்பே மரத்தைச் சார்ந்தது என்பதை அன்னார் மறந்தனர். 1839-ஆம் ஆண்டில் தென்னாட்டு எஃகுத் தொழிலைப்பற்றி எழுதிய ஹீத் என்பார், மூசையில் இரும்போடு உலர்ந்த ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் இட்டு மூடி உருக்குவர் எனக் குறித்துள்ளார். (பெருமான் சடையிற் சூடும் எருக்கு, கொல்லன் உலைக்கும் உதவியமை காண்க.) உலைக்குக் கரியும், மழுவுக்குக் காம்பும், உலக்கைக்குத் தண்டும் மரமே. அமராவதிக் கரையிற் கருவூரில் வாழ்ந்த எறிபத்த நாயனார் ஏந்திய மழுவும் காம்பின்றி வினைசெய்யாது.

அம்மரத்தைத் தேர்ந்தெடுத்தல் எளிதன்று. புறத்தே வயிரமுடையனவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையனவற்றை மரம் என்றும் தொல்காப்பியனார் மரபியலிற் பகுத்தார். படைக்கலஞ் செய்வானுக்கு இதனினும் பயனுடைய பாகுபாடு வேறில்லை. சிலம்பக் கோலுக்கு வேண்டுவது புறக்காழுடைய மூங்கில். அதுவும் உட்டுளை சிறுத்த கல்மூங்கிலே சிறந்தது. அது வளைந்து மீளும். ஆயின் ஓங்கி அடிக்கும் தண்டுக்குரிய நிறை அதன்கண் இல்லை. தண்டுக்கு அகக்காழ் வேண்டும். கருங்காலி, நீரில் இட்டால் அமிழும் ஆச்சா, உசில், வெள்வேல், முதுபுளி ஆகியவை இந்நாட்டில் அதற்கு ஏற்றன. வெட்பாலை கடைவதற்கு இனிது, அடிக்கு உதவாது. கருங்காலி என்னும் பெயர் இருவேறு மரங்களுக்கு வழங்குதலின், பெயரை மாத்திரம் கேட்டு வாங்குவோன் ஏமாறுவான். புளியில் இளமரம் முழுதும் வெளிறே. முதிர்ந்த மரத்தின் நடுவிலன்றிக் கருங்காழ் கிட்டாது. தலை பருத்த கதைக்கு வேரும் அடிமரமும் கூடுமிடத்தைக் கொள்ளுதல் நன்று. ஆண்டு இழைகள் பின்னிக் கிடத்தலின் எளிதிற் பிளவாது. வெட்டிய கட்டையின் இருமுனையிலும் சாணம் பூசி நிழலில் நெடுநாள் உலர்த்தல் வேண்டும். வெயிலில் இட்டால் வெடிக்கும்.

இங்ஙனம் தேர்ந்து கொள்ளும் காலம் வாயாதபோது, கைக்கெட்டியதே படையாகும். சண்டேசுர நாயனார் தம் முன்கிடந்த கோலை எடுத்தபொழுது அது மழுவாயிற்று எனச் சேக்கிழார் சுவாமிகள் அருளினார். ஆண்டு மரத்தின் சாதியை ஆராய்வார் யார்?

கொங்குநாட்டில் இப்பயிற்சி அண்மைக்காலம்வரை போர்த்தொழிலாகவே இருந்தது. சிலம்பம் வல்லவராகிய தீரன் சின்னமலை கும்பினியாரை எதிர்த்து, 1805-ஆம் ஆண்டில் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். பின்னர் 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டத்தின்வழி மலைக்காடுகள் ஒதுக்கிக் காக்கப்படவே, விரும்பிய மரத்தை விரும்பியவாறு வெட்டும் வழக்கம் நின்றது. வரப்பிலும் தோட்டத்திலும் நிற்கும் வேலும் புளியுமே சமவெளியார்க்கு எஞ்சின. கருங்காலி உலக்கையோ, பூண் தேய்ந்தும் தண்டு தேயாமல், பழைய வீடுகளின் மூலையில் இன்றும் சாத்தப்பட்டிருக்கின்றது.