மொரீஷியஸ் போறீங்களா? ஞாயிற்றுக்கிழமையை பீச்சுக்கு ஒதுக்குங்க!

குடும்பத்தோடு மொரீஷியஸ் போனால், ரிசார்ட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மோன் ஷுவாசி, ஃபிளிக் என் ஃபிளாக் மாதிரியான பொதுக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். தாத்தா, பாட்டி முதல் பேரன் பேத்தி வரை உள்ளூர்க் குடும்பங்கள் பிரியாணிப் பாத்திரத்தோடு சவுக்கு மர நிழலில் பாய் விரித்திருக்கும். ராவன் மேளம் ஒலித்தால் சேகா ஆட்டம் ஆரம்பம்! ஆட்டுத்தோல் கட்டிய ராவனை, நம்ம ஊர்ப் பறையைப் போலவே தீயில் காய்ச்சித்தான் அடிப்பார்கள். ஆடுபவர்களின் பாதம் மண்ணைவிட்டு எழும்பாது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கிய கலை இது. 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சரி, குழந்தைகளைக் கடலில் இறக்கலாமா? தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள் அரணாக இருப்பதால், பெரும்பாலான இடங்களில் கரையோரம் குளம்போல அமைதியாக இருக்கும். ஆனால், தெற்கே கிரி கிரி பகுதியில் அந்த அரண் கிடையாது. அலை நேராக வந்து மோதும். அங்கே வேடிக்கை மட்டும்தான், குளியல் வேண்டவே வேண்டாம்.

மே முதல் அக்டோபர் வரை இதமான சீசன். நவம்பரில் புயல் காலம் தொடங்கிவிடும். தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை. காவடி பார்க்க ஆசை என்றால், வானிலை அறிவிப்பையும் பார்த்துக்கிட்டே கிளம்புங்க.