பரிசாக வந்த விடுமுறை

விடுதி அறையை ஆண்டுக்கு ஒரு வாரம் எனப் பங்கு பிரித்து விற்கும் ‘டைம்ஷேர்’ முறை 1960களில் ஐரோப்பாவில் தோன்றியது. தமிழ்நாட்டில் 1986இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் அதைப் பரப்பியது. கொடைக்கானல் அதன் தொடக்ககால விடுதிகளில் ஒன்று. 1996இல் மகிந்திரா குழுமமும் இத்தொழிலில் இறங்கியது.

உறுப்பினர் சேர்க்கக் கையாளப்பட்ட வழி சலுகை. பொருட்காட்சியிலோ பெட்ரோல் பங்கிலோ பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிப் போட்ட சீட்டுக்குச் சில நாளில் அழைப்பு வரும்: இரண்டு இரவு தங்கல் பரிசு. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து, ஹோட்டல் கூடத்தில் விற்பனை விளக்கம் கேட்க வேண்டும். பயணச் செலவு பெரும்பாலும் விருந்தினருடையது. ‘இன்றைக்கு மட்டும் இந்த விலை’ என்று நெருக்குவார்கள். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கடைசியில்தான் பேச்சில் வரும்.

ஆயினும் கொடைக்கானல் தரும் இன்பம் விற்பனையாளர் கையில் இல்லை. கோட்டாற்றிலுள்ள நாகர்கோவில் சந்திப்பில் ரயிலேறி, கொடை ரோட்டில் இறங்கி மலையேறும் குடும்பத்துக்கு 1863இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் அமைத்த ஏரி காத்திருக்கிறது. 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் அங்கேதான் கண்டறிந்தார். வானம் தெளிந்தால் குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து பழனி மலை தெரியும்.

மீண்டும் அந்தப் பரிசு அழைப்புக்கு வருவோம்: தரும் எண்ணமின்றிப் பரிசு அறிவிப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையற்ற வணிகமாகக் கொள்கிறது. ஏமாந்தவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.