பெயரை மறைத்த கவிதை

ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துக் குறைநிறை சொல்லும் பயிற்சி இன்று பல வகுப்பறைகளில் நடைபெறுகிறது. அதன் நன்மையையும் இடரையும் ஒருங்கே காட்டும் சம்பவமொன்றை அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1724ஆம் ஆண்டளவில் அவர் பிலடெல்பியாவில் அச்சகத் தொழிலாளி, வயது 18. ஒஸ்போர்ன், வட்சன், ரால்ப் என்னும் எழுதுவினைஞர் மூவரும் அவரது நண்பர்கள். ஞாயிறுதோறும் ஸ்கூல்கில் ஆற்றருகேயுள்ள காட்டில் உலாவி, வாசித்தவற்றைப் பற்றிப் பேசுவார்கள். ஒருமுறை, ஆளுக்கொன்று எழுதிவந்து ஒருவரையொருவர் திருத்துவதெனத் தீர்மானித்தார்கள். எடுத்துக்கொண்டது விவிலியத்தின் 18ஆம் சங்கீதம். அதனை எல்லோரும் கவிதையாக்க வேண்டும். பொருள் பொதுவாக இருந்தால் மொழிநடையை மட்டும் கவனிக்கலாமல்லவா?

ரால்புக்கு ஓர் ஐயம். தான் எதை எழுதினாலும் ஒஸ்போர்ன் பொறாமையால் குறையே சொல்வார் என எண்ணினார். எனவே தமது கவிதையைப் பிராங்கிளினிடம் கொடுத்து, அவருடையதாகவே வாசிக்கச் செய்தார். பிராங்கிளின் அதனைத் தம் கையெழுத்தில் பிரதிசெய்து கொண்டுபோனார். ஒஸ்போர்ன் புகழ்ந்து தள்ளினார். ரால்ப் வேண்டுமென்றே சில குறைகளைச் சொன்னபோது, உமக்குக் கவிதையும் வராது, விமர்சனமும் வராது என்ற பாங்கில் அவரையே கண்டித்தார்! அடுத்த சந்திப்பில் உண்மை வெளிப்பட்டது, ஒஸ்போர்ன் நகைப்புக்கிடமானார்.

இதை வாசித்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை. ஆசிரியபீடத்தில் இருந்த நாட்களில், எனக்குப் பிடிக்காத இளம் நிருபர் ஒருவரின் கட்டுரையை முழுதாக வாசியாமலே 'உதவாது' என எழுதி ஒதுக்கினேன். சில மாதங்களின் பின் பழைய பிரதிகளைப் புரட்டுகையில், முதற்பக்கம் கிழிந்து பெயரில்லாத கட்டுரையொன்று கிடைத்தது. நன்றாக இருந்தது. விசாரித்தபோதுதான் அது அவருடையதென அறிந்தேன். அதற்குள் அவர் எழுத்தையே விட்டுவிட்டார்.

1727இல் பிராங்கிளின் 'ஜுன்டோ' என்ற கழகத்தை அமைத்தார். அங்கத்தவர் ஒவ்வொருவரும் மூன்று மாதங்களுக்கொருமுறை சொந்தக் கட்டுரையொன்றை வாசிக்க வேண்டும். வெல்வதற்காக வாதிடலாகாது. 'இதுவே முடிவு' என அடித்துப் பேசினால் சிறு தண்டப்பணம்!

பிற்காலத்தில் பயிற்சி நிருபர்களுக்கு நான் வைத்த விதிகள் மூன்று. பெயரை நீக்கிப் பிரதிகளை மாற்றிக்கொள்ளுங்கள். முழுவதையும் வாசியுங்கள். விளங்காத வரியைக் காட்டி, ஏன் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். 'உதவாது' என்ற சொல்லுக்கு மட்டும் தடை. அந்தத் தடை முதலில் எனக்கானது.