உங்கள் கடைக் கணக்கு யார் கையில்? ஓப்பன் சோர்ஸ் தொழில் மென்பொருள் பற்றி ஒரு விளக்கம்

கெமாஸில் ஒருவர் மளிகைக்கடை நடத்துகிறார். இன்னொருவர் லாரி ஓட்டுகிறார். மூன்றாமவர் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு விற்கிறார். வேலை வேறு வேறு என்றாலும் இப்போது மூவரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த சாஃப்ட்வேர் போடுறது?"

காரணம் இ-இன்வாய்ஸ். ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயமானது. பிறகு கட்டம் கட்டமாக இறங்கி, 2026 ஜனவரி 1 முதல் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ள தொழில்கள் வரை வந்துவிட்டது. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் நீங்கள்தான் என்றால் அந்தக் கேள்வி உங்களிடம்தான் வரும். பதில் சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

தொழில் நிர்வாக மென்பொருள் அப்படின்னா என்ன?

தோட்டத்து ஆபீசை நினைத்துப் பாருங்கள். காலையில் பெரட்டு. யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ பால் அல்லது எத்தனை குலை என்று கிராணியார் செக்ரோலில் எழுதுவார். உரம், மருந்துக்கு ஸ்டோர் புத்தகம் தனி. லாரியில் வெளியே போன எடைக்கு இன்னொரு புத்தகம். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஒப்பிட வேண்டும்.

இந்தப் புத்தகங்களை எல்லாம் ஒரே இடத்தில் இணைப்பதுதான் ஈஆர்பி எனப்படும் தொழில் நிர்வாக மென்பொருள். குலை வியாபாரியின் லாரி எடைமேடையில் ஏறுகிறது. பாரத்தோடு ஒரு எடை, இறக்கிய பின் ஒரு எடை. அந்த வித்தியாசத்தை ஒரே ஒரு தடவை பதிந்தால் போதும். சரக்கு இருப்பு கூடும், தோட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் அன்றைய விலைப்படி கணக்காகும், பேரேட்டிலும் ஏறிவிடும். சம்பளம், இபிஎஃப், சொக்சோ கூட இதே அமைப்பில் வரலாம்.

ஓப்பன் சோர்ஸ்னா சும்மா கிடைக்குறதா?

பெரும்பாலும் லைசென்ஸ் கட்டணம் இருக்காது. ஆனால் அது முக்கியமான விஷயம் இல்லை. நான்கு உரிமைகள்தான் முக்கியம். மென்பொருளை நீங்கள் எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். அதன் மூல நிரலைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.

ஜிபிஎல் என்ற லைசென்ஸில் ஒரு நிபந்தனை உண்டு. மாற்றிய மென்பொருளை அடுத்தவருக்குக் கொடுத்தால், மாற்றிய மூல நிரலையும் அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். உங்கள் கடைக்குள் மட்டும் பயன்படுத்தினால் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எம்ஐடி போன்ற லைசென்ஸ்களில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

சட்டம் மாறினால் என்ன ஆகும்?

மலேசியாவில் 2015 ஏப்ரல் 1 அன்று 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜூன் 1 முதல் அது பூஜ்ஜியமாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் எஸ்எஸ்டி. மூன்றரை ஆண்டுக்குள் வரி முறையே இரண்டு தடவை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பில் போடும் மென்பொருளும் மாறியாக வேண்டும்.

மூடிய மென்பொருளில் அந்த மாற்றத்தை விற்றவர் மட்டும்தான் செய்ய முடியும். அவர் சொல்வதுதான் விலை, அவர் சொல்வதுதான் தேதி. அவர் கடையை மூடிவிட்டால் அதோடு முடிந்தது. ஓப்பன் சோர்ஸில் வேறு யாரையாவது வைத்தும் மாற்றிக்கொள்ளலாம். சிரம்பானில் இருப்பவரும் செய்யலாம், கற்றுக்கொண்டால் நீங்களும் செய்யலாம்.

நிறுவனமே கைமாறினால்?

இதற்கு மலேசியத் தொடர்புள்ள ஒரு உதாரணம் இருக்கிறது. கொம்பியேரே என்பது 1999-இல் ஜோர்க் யாங்கே தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் ஈஆர்பி. பல நாட்டு நிரலாளர்கள் அதற்கு இலவசமாக உழைத்தார்கள். நாளடைவில் நிறுவனத்துக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை.

2006 செப்டம்பரில் அவர்கள் நிரலை எடுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் அடெம்பியேரே. அதன் முதல் ஆண்டுகளில் தலைமை தாங்கியவர் மலேசியரான ரெதுவான் டி. ஊன். கொம்பியேரே நிறுவனம் 2010-இல் கொன்சோனா என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. அடெம்பியேரே அதனால் பாதிக்கப்படவில்லை. அதிலிருந்து கிளைத்த ஐடெம்பியேரே இன்றும் வளர்ந்து வருகிறது.

இப்படிப் பிரிவதை ஃபோர்க் என்பார்கள். நிறுவனம் போனாலும் நிரல் பொதுவில் இருக்கும் என்பதற்கு இந்த உரிமைதான் உத்தரவாதம்.

இப்போது என்னென்ன இருக்கு?

*ஈஆர்பிநெக்ஸ்ட்:* மும்பையைச் சேர்ந்த ருஷப் மேத்தா தொடங்கியது. தன் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்குச் சரியான மென்பொருள் அமையாத அனுபவத்திலிருந்து இது பிறந்தது. ஜிபிஎல் லைசென்ஸ். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் எழுதப்பட்டது.

*ஓடூ:* பெல்ஜியத்தில் ஃபேபியன் பிங்கேர்ஸ் 2005-இல் டைனிஈஆர்பி என்ற பெயரில் தொடங்கியது. 2014-இல் ஓடூ ஆனது. இதில் கவனமாக இருங்கள். கம்யூனிட்டி பதிப்புதான் ஓப்பன் சோர்ஸ். என்டர்பிரைஸ் பதிப்புக்குக் கட்டணம் உண்டு, முழுமையான கணக்கியல் வசதிகள் அதில்தான் இருக்கின்றன. "ஓடூ ஃப்ரீதானே" என்று யாராவது சொன்னால், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

இரண்டையும் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்போடு இணைக்கும் தொகுதிகள் உள்ளன.

தென்காசி வட்டாரத்திலும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது தமிழ்நாட்டில் வளர்ந்த பெரிய நிறுவனம்தான், ஆனால் அதன் தொழில் மென்பொருள்கள் ஓப்பன் சோர்ஸ் அல்ல. சந்தா கட்டிப் பயன்படுத்துபவை.

எங்கே சறுக்கும்?

லைசென்ஸுக்குப் பணம் இல்லை என்றாலும் சர்வர் வாடகை உண்டு. தினமும் பேக்கப் எடுக்க ஆள் வேண்டும். புதுப் பதிப்பு வரும்போது மாற்ற வேண்டும், ஊழியர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும்.

இன்னொரு ஆபத்து, மூல நிரலிலேயே கைவைப்பது. அடுத்த பதிப்பு வரும்போது உங்கள் மாற்றங்கள் அதனோடு மோதும். மாற்றங்களைத் தனித் தொகுதியாக எழுதுவதுதான் சரியான முறை. ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ இரண்டும் அதற்கு வழி வைத்திருக்கின்றன.

மாதத்துக்குப் பத்துப் பதினைந்து பில் மட்டும் போடும் சின்னத் தொழிலுக்கு ஈஆர்பியே வேண்டாம். மைஇன்வாய்ஸ் போர்ட்டலை இலவசமாகப் பயன்படுத்தலாம். அதுவே போதும்.

நீங்களே உருவாக்க ஆசையா?

முதலில் காகிதத்தைப் பின்தொடருங்கள். ஒரு கடையில் சரக்கு வந்ததிலிருந்து பணம் கைக்கு வரும் வரை எத்தனை சீட்டு எழுதுகிறார்கள், யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பாருங்கள். அடுத்தது பற்று வரவு. இரட்டைப் பதிவு முறை புரியாமல் கணக்கு மென்பொருள் எழுத முடியாது.

பிறகு ஈஆர்பிநெக்ஸ்டை உங்கள் கணினியில் நிறுவி, ஒரு பொய்க் கம்பெனி தொடங்கி, ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதன் மேல் சின்னதாக ஒரு தொகுதி எழுதுங்கள். எடைமேடைச் சீட்டிலிருந்து கொள்முதல் பில் உருவாக்குவது நல்ல தொடக்கம். இ-இன்வாய்ஸை எக்ஸ்எம்எல் அல்லது ஜேசான் வடிவில் அனுப்ப வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க வாரியமே ஒரு சோதனைத் தளம் வைத்திருக்கிறது. சரிபார்க்கப்பட்ட இ-இன்வாய்ஸை 72 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்யலாம். உங்கள் நிரலுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

நிரல் எழுத வராதா? தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுப்பதும் பங்களிப்புதான். "டெபிட்", "கிரெடிட்" எங்கே, "பற்று", "வரவு" எங்கே என்று முடிவு செய்ய, கணக்கும் மொழியும் தெரிந்தவர்கள் வேண்டும்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. என் தரவு முழுவதையும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில் எடுக்க முடியுமா?
2. சந்தாவை நிறுத்தினால் பழைய கணக்கைப் பார்க்க முடியுமா? மலேசியச் சட்டப்படி வரிப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.
3. பேக்கப் எங்கே இருக்கிறது? அதை மீட்டெடுத்துச் சோதித்தது எப்போது?
4. இதை அமைத்துக் கொடுத்தவர் நாளைக்கு வராவிட்டால் வேறு யார் பார்ப்பார்?

மென்பொருள் ஓப்பன் சோர்ஸாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவற்றைக் கேளுங்கள். நாலாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள்.