ஆளுநருக்கு கெடு விதிக்கலாமா? ஏப்ரலில் 'ஆம்', நவம்பரில் 'இல்லை'.. உச்சநீதிமன்றம் மாற்றிச் சொன்னது ஏன்?

ஒரே சட்டப்பிரிவைப் படித்துவிட்டு, ஏழு மாத இடைவெளியில் இரண்டு வேறு பதில்களைச் சொல்லியிருக்கிறது உச்சநீதிமன்றம். மாநில சட்டப்பேரவை நிறைவேற்றி அனுப்பும் மசோதா மீது முடிவெடுக்க ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 2025 ஏப்ரல் 8-ம் தேதி இரண்டு நீதிபதிகள் அமர்வு 'முடியும்' என்றது. அதே ஆண்டு நவம்பர் 20-ம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு 'முடியாது' என்றது.

ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான சண்டையாகத்தான் இது பெரும்பாலும் பேசப்பட்டது. ஆனால் உள்ளே இன்னொரு பெரிய கேள்வி இருக்கிறது. அரசியலமைப்புச் சட்டம் ஒரு விஷயத்தில் எதுவுமே சொல்லாமல் விட்டிருந்தால், அந்த இடத்தை நிரப்பும் அதிகாரம் யாருக்கு? நீதிமன்றத்துக்கா, நாடாளுமன்றத்துக்கா? வாங்க, ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம்.

பிரச்சனை எங்கே ஆரம்பிச்சது?

2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாக்களில் 10 மசோதாக்கள் ஆளுநர் மாளிகையிலேயே தங்கிவிட்டன. இவற்றில் இரண்டு, அதிமுக ஆட்சிக் காலத்தில் நிறைவேறியவை. மற்றவை திமுக ஆட்சியில் வந்தவை. பெரும்பாலானவை பல்கலைக்கழகங்கள் தொடர்பானவை. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் வேந்தரான ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற வேண்டும் என்பதுதான் முக்கிய அம்சம்.

2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தை நாடியது. நவம்பர் 10-ம் தேதி நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. மூன்றே நாளில், அதாவது நவம்பர் 13-ம் தேதி, 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் இல்லை என ஆளுநர் ஆர்.என்.ரவி திருப்பி அனுப்பினார். நவம்பர் 18-ம் தேதி பேரவை சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி, பத்தையும் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. இம்முறை ஆளுநர் ஒப்புதல் தரவில்லை, நிராகரிக்கவும் இல்லை. நவம்பர் 28-ம் தேதி மொத்தமாகக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் ஒப்புதல் கிடைத்தது. ஏழு நிராகரிக்கப்பட்டன. இரண்டின் மீது முடிவே வரவில்லை.

இந்த இழுபறி நடந்துகொண்டிருந்தபோது சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் துணைவேந்தர் நாற்காலி காலியாகவே கிடந்தது.

பிரிவு 200 என்ன சொல்லுது?

பேரவை ஒரு மசோதாவை அனுப்பினால் ஆளுநர் அதற்கு ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்தி வைக்கலாம், அல்லது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். நிதி மசோதாவாக இல்லாவிட்டால், மறுபரிசீலனை செய்யுங்கள் என்று 'கூடிய விரைவில்' பேரவைக்கே திருப்பி அனுப்பலாம். பேரவை அதை மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினால், ஆளுநர் ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது.

இதில் 'கூடிய விரைவில்' என்ற சொல்தான் சிக்கலே. கூடிய விரைவில் என்றால் ஒரு மாதமா, ஒரு வருஷமா? எந்த எண்ணும் அங்கே இல்லை.

ஏப்ரல் தீர்ப்பு என்ன சொன்னது?

நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு மூன்று முக்கிய விஷயங்களைச் சொன்னது.

முதலாவது, மறுபடி நிறைவேற்றப்பட்ட மசோதாக்களைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது சட்டப்படி தவறு.

இரண்டாவது, இனிமேல் கெடு உண்டு. அமைச்சரவையின் ஆலோசனைப்படி மசோதாவை நிறுத்தி வைக்கவோ ஒதுக்கவோ ஒரு மாதம். அமைச்சரவை ஆலோசனைக்கு மாறாக முடிவெடுப்பதாக இருந்தால் மூன்று மாதம். மறுபடி நிறைவேறி வந்த மசோதாவுக்கு ஒரு மாதம். குடியரசுத் தலைவருக்கும் மூன்று மாதம்.

மூன்றாவதுதான் பெரிய அதிரடி. அந்த 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கருதப்படும் என்று நீதிமன்றமே அறிவித்தது. அடுத்த சில நாட்களிலேயே தமிழ்நாடு அரசு அவற்றை அரசிதழில் வெளியிட்டது. ஆளுநர், குடியரசுத் தலைவர் இருவரின் கையெழுத்தும் இல்லாமல், நீதிமன்றத் தீர்ப்பின் பலத்தில் மசோதாக்கள் சட்டமாகின.

இதற்குப் பயன்படுத்தப்பட்டது பிரிவு 142. தன் முன் உள்ள வழக்கில் 'முழுமையான நீதி' வழங்கத் தேவையான எந்த உத்தரவையும் பிறப்பிக்க உச்சநீதிமன்றத்துக்கு இது அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிது இல்லை. பேரறிவாளனை விடுவிக்க 2018-ல் தமிழ்நாடு அமைச்சரவை பரிந்துரை செய்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்காத ஆளுநர், பிறகு அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18-ம் தேதி உச்சநீதிமன்றம் இதே பிரிவு 142-ஐப் பயன்படுத்திப் பேரறிவாளனை விடுதலை செய்தது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ஜெகதீப் தன்கர், பிரிவு 142 ஜனநாயக சக்திகளுக்கு எதிரான அணு ஏவுகணையாகிவிட்டது என்று கடுமையாக விமர்சித்தார். குடியரசுத் தலைவருக்கே நீதிமன்றம் கெடு விதிப்பதா என்பது அவரது கேள்வி.

2025 மே 13-ம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, பிரிவு 143-ன் கீழ் 14 கேள்விகளை எழுப்பி உச்சநீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அரசியலமைப்பில் இல்லாத கெடுவை நீதிமன்றம் விதிக்கலாமா? ஒப்புதல் தந்ததாகக் கருதலாமா? அரசியலமைப்பு விளக்கம் சம்பந்தப்பட்ட முக்கியமான கேள்வியை ஐந்து நீதிபதிகளாவது விசாரிக்க வேண்டும் என்று பிரிவு 145(3) சொல்லும்போது, அதைக் கவனிக்காமல் சிறிய அமர்வு முடிவு செய்யலாமா? இவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

இது மறைமுகமான மேல்முறையீடு, எனவே பதில் சொல்லவே கூடாது என்று தமிழ்நாடும் கேரளாவும் வாதிட்டன. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

நவம்பரில் என்ன மாறியது?

தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையில் சூர்யகாந்த், விக்ரம் நாத், பி.எஸ்.நரசிம்மா, ஏ.எஸ்.சந்துர்கர் ஆகிய ஐந்து நீதிபதிகளும் ஒருமித்த கருத்தைத் தெரிவித்தனர்.

ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறைக்கு அரசியலமைப்பில் இடமில்லை. அதற்குப் பிரிவு 142-ஐயும் பயன்படுத்த முடியாது. திருப்பி அனுப்புவதா, ஒதுக்குவதா என்று தேர்வு செய்யும்போது ஆளுநர் அமைச்சரவை ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் அல்ல.

இதை மட்டும் படித்தால் ஆளுநர் பக்கம் முழு வெற்றி என்று தோன்றும். ஆனால் மாநிலங்களுக்குச் சாதகமான அம்சங்களும் இருக்கின்றன. மசோதாவை நிறுத்தி வைப்பதென்றால், காரணம் சொல்லிப் பேரவைக்குத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. விளக்கமே இல்லாமல் நீண்ட காலம் முடிவெடுக்காமல் இருந்தால், நீதிமன்றத்தை அணுகலாம். நியாயமான காலத்துக்குள் முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாது.

ஒரே சொல்லை எப்படி ரெண்டு விதமா படிக்க முடியும்?

'கெடு கூடாது' என்பவர்களின் வாதம் இது: அரசியலமைப்பை எழுதியவர்களுக்குக் கெடு விதிக்கத் தெரியாமல் இல்லை. அடுத்த பிரிவான 201-ஐப் பாருங்கள். குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பச் சொன்னால், பேரவை ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அங்கே தெளிவாக இருக்கிறது. பேரவைக்குக் கெடு போட்டவர்கள் ஆளுநருக்குப் போடவில்லை என்றால், அது வேண்டுமென்றே விட்டது. அதை மாற்ற வேண்டுமானால் பிரிவு 368-ன்படி நாடாளுமன்றம்தான் திருத்தம் கொண்டுவர வேண்டும். நீதிபதிகள் எண்களை எழுதிச் சேர்த்தால் அது விளக்கம் அல்ல, திருத்தம்.

'கெடு தேவை' என்பவர்கள் அதே வரலாற்றை வேறு மாதிரி படிக்கிறார்கள். குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவது பற்றிய வரைவில் முதலில் 'ஆறு வாரத்துக்குள்' என்றுதான் இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் அது நீக்கப்பட்டு 'கூடிய விரைவில்' என்று மாற்றப்பட்டது. ஆறு வாரமே அதிகம் என்ற எண்ணத்தில் வந்த சொல்லை, மூன்று வருஷம் காத்திருக்க வைக்கும் அனுமதியாக எப்படிப் படிக்க முடியும் என்பது அவர்கள் கேள்வி. ஏப்ரல் தீர்ப்பு சொன்ன மூன்று மாதக் கணக்கும் வானத்திலிருந்து குதித்தது இல்லை. மாநில மசோதாக்களை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகமே 2016-ல் வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணையை அந்த அமர்வு எடுத்துக்காட்டியது. ஆளுநர் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று பூஞ்சி கமிஷனும் பரிந்துரைத்திருந்தது.

ஆக, ஒரு தரப்பு எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு தரப்பு எழுத்தின் நோக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏப்ரல் அமர்வு நோக்கத்தின் பக்கம் சாய்ந்தது. நவம்பர் அமர்வு எழுத்தின் பக்கம் சாய்ந்தது.

நீதிமன்றம் இதுவரை கெடு விதிச்சதே இல்லையா?

விதித்திருக்கிறது. கட்சித் தாவல் தடைச் சட்டத்தில், தகுதிநீக்க மனு மீது சபாநாயகர் எத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. ஆனாலும் 2020-ல் மணிப்பூர் வழக்கில், விதிவிலக்கான சூழல் இல்லையென்றால் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது உச்சநீதிமன்றம். 2025 ஜூலை 31-ம் தேதி தெலங்கானா சபாநாயகருக்கும் மூன்று மாதக் கெடு விதிக்கப்பட்டது. அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவரும் நீதிபதி கவாய்தான்.

அப்போ சபாநாயகருக்கு ஒரு நியாயம், ஆளுநருக்கு ஒரு நியாயமா? வித்தியாசம் ஒன்று சொல்லப்படுகிறது. தகுதிநீக்க மனுவை விசாரிக்கும்போது சபாநாயகர் ஒரு தீர்ப்பாயம் போலச் செயல்படுகிறார். தீர்ப்பாயத்தை உயர் நீதிமன்றங்கள் கண்காணிப்பது வழக்கமான வேலை. மசோதாவுக்கு ஒப்புதல் தருவது சட்டம் இயற்றும் பணியின் ஒரு பகுதி. அதில் நீதிமன்றம் நுழைந்தால், சட்டம் இயற்றுபவரின் இடத்தில் நீதிபதி உட்கார்ந்துவிடுவார். இந்த வேறுபாடு சட்டப்படி வலுவானதுதான். ஆனால் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் பேரவைக்கு இது பெரிய ஆறுதல் தராது.

இப்போ நிலைமை என்ன?

நவம்பரில் வந்தது ஆலோசனைக் கருத்து. மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு அல்ல. தமிழ்நாட்டின் 10 சட்டங்களையும் அது நேரடியாக ரத்து செய்யவில்லை. ஆனால் ஐந்து நீதிபதிகளின் ஒருமித்த கருத்து என்பதால், இனி வரும் வழக்குகளில் அதன் எடை அதிகம். துணைவேந்தர் நியமனம் தொடர்பான திருத்தங்களுக்கோ, அதற்கு முன்பே 2025 மே 21-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துவிட்டது.

நடைமுறையில் இதன் அர்த்தம் இதுதான். நாளைக்கு ஏதோ ஒரு மாநிலத்தில் மசோதா கிடப்பில் போடப்பட்டால், கெடு முடிந்துவிட்டது என்று காலண்டரைக் காட்ட அந்த அரசால் முடியாது. தாமதம் 'நீண்டது', 'விளக்கமில்லாதது' என்று ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். எத்தனை மாதம் ஆனால் அது நீண்ட தாமதம் என்பதற்கு இன்னமும் எண் கிடையாது.

நீதிமன்றம் எல்லை மீறக் கூடாது என்பது நியாயமான கவலை. தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் அரசியலமைப்பில் புது வரி சேர்க்கத் தொடங்கினால், இன்றைக்குப் பிடித்த தீர்ப்பைக் கொண்டாடுபவர்களே நாளைக்கு வேறொரு தீர்ப்பால் பாதிக்கப்படலாம். ஆனால் அரசியலமைப்பின் மௌனமும் யாருக்கும் சாதகமில்லாத ஒன்று அல்ல. கெடு இல்லாத இடத்தில், காத்திருக்க வைக்கும் வசதி ஆளுநருக்கு இருக்கிறது. ஐந்து ஆண்டு பதவிக்காலத்தில் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியது தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவைதான். அந்த மௌனத்தை நிரப்பும் வேலை நீதிமன்றத்துக்கு இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள். அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம் இருப்பது நாடாளுமன்றத்திடம். பந்து இப்போது அங்கேதான் இருக்கிறது.